மோதிக்குத் தமிழ் தெரியாது

மார்கரெட்டுக்குப் பொய் சொல்ல வராது என்று டெல்லி சரோஜினி நகரில் அந்த வரிசைக் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பெயர். பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். ஊசி வலிக்குமா சிஸ்டர் என்று கேட்டால், வலிக்கும் என்பாள். பிழைப்பாரா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாளே தவிர, ஒன்றும் ஆகாது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பமாட்டாள். அப்பேர்ப்பட்ட தெற்கத்தி நாசரேத்துக்காரி, தன் வாழ்நாளில் உருப்படியாகச் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. அது ஒரு நாயைப் பற்றியது. அதையும் எதிர்வீட்டு ருக்மிணி மாமியிடமா போய்ச் சொல்லவேண்டும்?

ருக்மிணி மாமி யார் என்று சொன்னால்தான் இதன் கனம் விளங்கும். மார்கரெட்டுக்கு ராத்திரி டியூட்டி விழுந்தால், அவள் பிள்ளைகள் இருவரும் மாமி வீட்டில்தான் மோர்சாதம் சாப்பிட்டு, மாமி வீட்டுக் கூடத்திலேயே படுத்துத் தூங்கும். மார்கரெட்டுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கீழாநெல்லியை எங்கேயோ தேடிப் பிடித்து அரைத்துக் கொண்டுவந்தவள் மாமி. அத்தனை ஆசாரக்காரி, மீன் வாசனை அடிக்கும் அந்த அடுப்படி வரைக்கும் வந்து, மூக்கைச் சுளிக்காமல் நின்று, மார்கரெட் அந்தக் கசப்பை விழுங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

நாய் விஷயத்துக்கு வருவோம். டாலி என்கிற டால்மேஷியன், மார்கரெட் ஆசைப்பட்டு வாங்கியது அல்ல. சாணக்யபுரியில் ஒரு தூதரக அதிகாரியின் மனைவி இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள். டியூட்டி முடிந்த நேரத்தில் மார்கரெட் போய் அவளைக் கவனித்துக்கொண்டாள். அவர்கள் மாற்றலாகிப் போகும்போது அந்த அம்மாள் அழுதுகொண்டே நாயின் சங்கிலியை இவள் கையில் கொடுத்துவிட்டாள். வெள்ளை உடம்பில் மை தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளிகளோடு, டாலி இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் ராஜமரியாதையாகக் குடியேறினாள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது மார்கரெட்டின் கணவன் இஸ்ரவேல். பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே என்று, இன்னொரு தூதரக வீட்டு டிரைவரிடம் பேசி, அதே ஜாதி ஆண் நாயோடு சேர்த்துவிட்டான். குட்டிகள் பிறந்தன. இந்த ஜாதியில் பிறக்கும்போது புள்ளியே இருக்காது, போகப்போகத்தான் வரும். ஒரு குட்டிக்கு மட்டும் ஒன்றிரண்டு புள்ளியோடு நின்றுவிட்டது. ஒரு கண் வேறு நீலம். பார்த்தவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் தூக்கினார்கள்.

அந்தக் குட்டிதான் சோற்றுத் தட்டு ஓசை கேட்டு மற்றவை உருண்டு புரண்டு ஓடும்போது, தன் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டே இருந்தது. முதலில் மார்கரெட் சோம்பேறி என்று நினைத்துச் சிரித்தாள். ஒருநாள் குக்கர் கத்தியதில் குட்டிகள் எல்லாம் தூக்கிவாரிப்போட்டு எழுந்தன. இது மட்டும் தன் காலை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மார்கரெட் ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போய் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று ஓங்கித் தட்டினாள். மாடி வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். குட்டி திரும்பவில்லை. முன்னால் வந்து நின்றதும் வாலை ஆட்டிக்கொண்டு அவள் காலில் விழுந்து புரண்டது.

கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்த சர்தார்ஜி டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். வெள்ளை வேண்டும், புள்ளி அழகாக வேண்டும் என்று சேர்த்துச் சேர்த்து வளர்த்த ஜாதி இது. அதனால் சில குட்டிகள் பிறவிச் செவிடாகவே வந்துவிடும், நீலக் கண் இருந்தால் சந்தேகம் இன்னும் அதிகம், மருந்து கிடையாது. தெரிந்து வளர்த்தால் மற்ற நாயைப் போலத்தான் இருக்கும், தெரியாதவர் கையில் போனால் அதற்கும் கஷ்டம், அவர்களுக்கும் கஷ்டம். சொல்லிவிட்டுக் கொடு சிஸ்டர், யாரும் எடுக்காவிட்டால் இங்கே கொண்டு வா, வலி தெரியாமல் ஓர் ஊசி போட்டுவிடுகிறேன் என்றார் அவர்.

அவள் சொல்லத்தான் சொன்னாள். கூட வேலை பார்க்கும் அமலியிடம் சொன்னாள். அமலி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பின் வரிசை வங்காளிக் குடும்பத்திடம் சொன்னாள்; அவர்கள் புள்ளி நிறைய இருந்த வேறொரு குட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். மற்றக் குட்டிகள் எல்லாம் போய், இது மட்டும் மிஞ்சியது.

"ரெண்டு நாய் இந்த வீட்டுல ஆகாது, மார்கரெட்டு," என்றான் இஸ்ரவேல். "நாலு பேரு கால நீட்டிப் படுக்கவே எடமில்ல. டாக்டர் சொன்னாருல்லா, அங்க கொண்டு போயிருவோம்."

அன்று சாயங்காலம்தான் ருக்மிணி மாமி வந்தாள். கூடவே மகள் வத்சலா. ஒரே பெண், நாலாம் வகுப்பு.

"இந்தக் குழந்தை நாலு நாளா சரியாச் சாப்பிடலை, மார்கரெட். அந்த நீலக் கண்ணுதான் வேணுமாம். நாயாவது நம்மாத்துலயாவதுன்னு சொல்லிப் பாத்தேன். எங்காத்து மாமாவே சரின்னுட்டார். நீ வேற யாருக்கும் வாக்குக் குடுத்துடலையே?"

மார்கரெட் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லத்தான் திறந்தாள், அதில் சந்தேகம் வேண்டாம். அதற்குள் மாமி புடவையைச் செருகிக்கொண்டு தரையில் குந்தி, "வாடா கண்ணா, இங்க வாடா," என்று கூப்பிட்டாள். குட்டி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வாசல் மிதியடியைக் கடித்துக்கொண்டிருந்தது.

"என்னடி இது, திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறது?"

சொன்னால் எடுக்கமாட்டார்கள். எடுக்காவிட்டால் நாளைக்கு ஊசி. வத்சலாவின் மடிக்கு அது தானாகவே ஏறிவிட்டது.

"அதுக்குத் தமிழ் தெரியாது மாமி," என்றாள் மார்கரெட். "எங்க பிள்ளைக அதுட்ட இந்தியிலதான் பேசுவாக."

வேறு எந்த ஊராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். மாமி சிரிக்கவில்லை, சந்தேகப்படவும் இல்லை. "இதுவும் அந்தக் கேஸ்தானா," என்று பெருமூச்சு விட்டாள். "இதோ வத்சலா இருக்காளே, தமிழ்ல நாலு தரம் கத்தினாலும் அசைய மாட்டா. பக்கத்தாத்துக் குரானா மாமி 'இதர் ஆ'ன்னு இந்தியில கூப்பிட்டா ஓடுவா." குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மார்கரெட் கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் போய் நின்றாள். உயிரைக் காப்பாற்றியாகிவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மாமி அதற்கு முத்து என்று பெயர் வைத்திருந்தாள். தமிழ்ப் பெயர் அதற்கு ஏறாது என்று ஒரே வாரத்தில் அதையே இந்தியில் மோதி என்று மாற்றினாள். அதோடு விட்டாளா? பதினைந்து வருஷம் டெல்லியில் குப்பை கொட்டியும் இந்தி எனக்கு வேண்டாம் என்று இருந்தவள் அவள். கறிகாய்க்காரனே அவளிடம் கத்தரிக்காய், முருங்கைக்காய் என்று கற்றுக்கொண்டானே ஒழிய, இவள் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளவில்லை. அந்த மாமி, நாய்க்காக, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி குரானா மாமியிடம் இந்தி கற்கக் கிளம்பினாள்.

புல்வெளியில் நின்றுகொண்டு, "மோதி, இதர் ஆயியே. மோதி, பைட்டியே," என்பாள். வாருங்கள், உட்காருங்கள் என்று நாய்க்குப் பன்மை மரியாதை. மரியாதை இல்லாமல் பேசும் இந்தி அவளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. குரானா மாமி கயிற்றுக் கட்டிலில் விழுந்து விழுந்து சிரிப்பாள். கறிகாய்க்காரன் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரிப்பான். மாமியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுபடி தொண்டையைச் செருமிக்கொண்டு, "மோதி, மத் ஜாயியே," என்று ஆரம்பிப்பாள். போகாதீர்கள் என்று கெஞ்சினாலும் மோதி அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

எதிர்வீட்டு ஜன்னலில் மார்கரெட் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பாள். வெட்கமாக இருக்கும். நாளைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பாள். மதர் டெய்ரி பால் வரிசையில் மாமிக்குப் பின்னால் நின்று, இதோ சொல்லப்போகிறேன் என்று தூக்குவாளியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். மாமி திரும்பி, "உங்காத்துக் குட்டிக்கு மூளை கொஞ்சம் மட்டு போலிருக்கு மார்கரெட், ஆனா முகத்தைப் பாத்தாக் கோவமே வர மாட்டேங்கறது," என்பாள். அவ்வளவுதான், பாலை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுவாள். முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் ஒரு சின்னத் தப்பு. இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டும். நாளாக ஆக அந்தப் பதில்தான் பெரிதாகிக்கொண்டே போனது.

மாமி சிரித்துவிட்டுப் போகிற ஜாதி. அவள் கணவர் சேஷன் மாமா அப்படி இல்லை. தணிக்கை அலுவலகத்தில் வேலை. யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர். ஆனால் எதிலும் ஒழுங்கு வேண்டும் அவருக்கு. ஒருநாள் காலையில் மோதி கையை விட்டுத் திமிறி ரிங் ரோடுக்கு ஓடிவிட்டது. அவர் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார். பஸ்காரன் ஹாரனை அழுத்துகிறான், மனுஷர் கத்துகிறார், நாய் நடுரோட்டில் நின்று காற்றை மோந்துகொண்டிருந்தது. மயிரிழையில் தப்பியது. வீட்டுக்கு இழுத்துவந்து, செய்தித்தாளைச் சுருட்டி முதல் தடவையாக அடித்தார். "செத்துப் போயிருக்கும் சிஸ்டர்," என்று அன்று மார்கரெட்டிடமே சொன்னார். "இதுக்கு உறைக்கணுமோல்லியோ."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆமா மாமா," என்றாள் பாவி.

செய்தித்தாள் பெல்ட் ஆனது. கூப்பிட்டு வராவிட்டால் ஓர் அடி, போகாதே என்றும் போனால் இரண்டு. அவருக்கு அதில் ஒன்றும் சந்தோஷம் இல்லை. அடித்துவிட்டு அன்றைக்குக் காப்பி குடிக்கமாட்டார் என்று மாமியே சொன்னாள். நாய் கத்துகிற சத்தம் எதிர்வீட்டுக்கு நன்றாகக் கேட்கும். மார்கரெட் ரேடியோவைத் திருப்பிவிடுவாள். அவள் மகன், ஏன்மா மோதியை அடிக்கிறார்கள் என்று கேட்டபோது, படிக்கிற வேலையைப் பார் என்று அவனைத்தான் அடித்தாள்.

தமிழ் ஆராதனை நடக்கும் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறவள். அந்த மாதத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் எழுந்து போனபோது, மனசில் பொய்யை வைத்துக்கொண்டு அதைத் தொடக்கூடாது என்று இவள் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. இஸ்ரவேல் முழங்கையால் இடித்தான். தலைவலி என்றாள். அடுத்த மாதமும் தலைவலி.

"ஒனக்கென்ன பைத்தியமா?" என்றான் இஸ்ரவேல் வெளியே வந்ததும். "நாய்க் காரியத்துக்கா இம்புட்டு? சொல்லிட்டு வா, இல்லன்னா மறந்துரு. ரெண்டுல ஒண்ணு செய்யி." அவளால் இரண்டும் ஆகவில்லை.

பிறகு வெயில் காலத்தில் ஒருநாள், மத்தியானம் டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாமி வாசலில் நின்றாள். தலைமுடி கலைந்திருந்தது.

"மார்கரெட், சித்த வா. மோதி வத்சலாவைக் கடிச்சுடுத்து."

கூடத்தில் வத்சலா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேஷன் மாமா ஆபீசிலிருந்து அரைநாள் லீவில் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். பின்பக்க வராண்டாவில் மோதியைக் கட்டிப்போட்டிருந்தது. மார்கரெட் துணியை அவிழ்த்துப் பார்த்தாள். இரண்டு பல் பதிந்த தடம், ஆழமில்லை.

"எப்படிம்மா கடிச்சுது?"

"நான் குச் பி பண்ணலை, ஒண்ணுமே பண்ணலை ஆன்ட்டி. அது தூங்கிண்டு இருந்தது. நான் பின்னாலேர்ந்து கட்டிண்டேன், அவ்ளோதான்."

மார்கரெட் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவினது போதும் என்று தெரிந்தும் கழுவினாள்.

"டிஸ்பென்சரிக்கு அழைச்சுண்டு போனேன்," என்றார் சேஷன். "நாயோட நடத்தையில ஏதாவது வித்தியாசம் உண்டான்னு டாக்டர் கேட்டார். வித்தியாசமா? கூப்பிட்டா வெறிச்சுண்டு நிக்கறது. எதிர்ல பஸ் வந்தாலும் நகர மாட்டேங்கறது. இப்போ காரணமே இல்லாம கடிக்கறது. வெறிதான்னு அவரும் சந்தேகப்படறார். நாளைலேர்ந்து குழந்தைக்குத் தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. கார்த்தால நாயைப் பிடிச்சுண்டு போக முனிசிபாலிட்டி வண்டியும் வரது, சொல்லிட்டு வந்துட்டேன்."

வத்சலா சத்தம் வராமல் அழ ஆரம்பித்தாள். ஊசிக்கா நாய்க்கா என்று சொல்ல முடியாது.

மார்கரெட்டுக்கு அப்போது ஒரு வழி தெரிந்தது. அது நல்ல வழியாகவும் இருந்தது. "வெறி இல்ல மாமா," என்றாள், கட்டுப் போட்டுக்கொண்டே. "தூக்கத்துல தொட்டா எந்த நாயும் கடிக்கும். பத்து நாள் எங்க வீட்டுல கட்டிப்போட்டு நான் பாத்துக்கிடுதேன். ஒண்ணும் ஆகலன்னா ஊசியே வேண்டாம். டாக்டருட்ட நான் வந்து சொல்லுதேன்."

நர்ஸ் சொன்னால் நர்ஸ் சொன்னதுதான். மாமி அப்படியே சுவரில் சாய்ந்து, "பெருமாளே," என்றாள். குழந்தைக்கு ஊசி இல்லை, நாய்க்குச் சாவு இல்லை, மார்கரெட் வாயைத் திறக்கவும் வேண்டாம். எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

சேஷன் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வெறி இல்லேன்னா, அப்போ நான் அடிச்சதுனாலதான் இப்படி ஆயிடுத்தா, சிஸ்டர்? நல்ல நாயை நான்தான் கெடுத்துட்டேனா?"

அவர் கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இல்லை மாமா என்று சொல்லிவிட்டால் தேவலை என்று காத்திருந்தார். மார்கரெட் கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். தன் பாவத்தை இந்த மனுஷர் தலையில் ஏற்றிவிட்டு, பத்து நாள் நாய் பார்த்துக்கொடுத்த புண்ணியவதி என்று இவர்கள் வீட்டுக் காப்பியைக் குடிக்கமுடியுமா?

"அதுக்குக் காது கேக்காது மாமா," என்றாள். "பிறவியிலயே செவிடு. அந்த ஜாதியில அப்படி உண்டு."

சுவரில் சாய்ந்திருந்த மாமி நிமிர்ந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும் ஒனக்கு?" என்று கேட்டாள்.

இப்போதுதான் சந்தேகம் வந்தது என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது அது.

"உங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே தெரியும் மாமி."

மாமி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் மார்கரெட்டுக்கு நன்றாக இருந்திருக்கும். "குரானா மாமி சிரிச்சா," என்றாள் மெதுவாக. "கறிகாய்க்காரன் சிரிச்சான். நீ அந்த ஜன்னல்ல நின்னுண்டு பாத்துண்டிருந்தே. நீயும் சிரிச்சியா?"

"இல்ல மாமி."

"சிரிச்சிருந்தாலும் தேவலை." மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சொன்னா எடுத்துண்டிருக்க மாட்டேன்னு நெனச்சியாக்கும்?"

"ஆமா மாமி. ஊசி போட்டுக் கொன்னுருவாங்கன்னு…"

மாமி கொஞ்சம் யோசித்தாள். "எடுத்துண்டிருக்க மாட்டேன்தான்," என்றாள். "அது வேற, மார்கரெட். இது வேற."

சேஷன் எழுந்து பின்பக்கம் போனார். மார்கரெட்டும் மாமியும் பின்னாலேயே போனார்கள். தன் பாரத்தை இறக்கி வைத்துவிட்டோம் என்றுதான் ஒரு நிமிஷம் அவளுக்கு இருந்தது. அந்த மனுஷர் நடந்த நடையைப் பார்த்ததும், இறக்கியது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று விளங்கிவிட்டது. இவ்வளவு நேரம் நாயைக் கெடுத்தவர்; இப்போது, காது கேட்காத ஜீவனை, கேட்கவில்லை என்று இத்தனை மாசமாக அடித்தவர். சொல்லாமல் இருந்ததும் அவருக்குக் கெடுதல், சொன்னதும் அவருக்குக் கெடுதல்.

மோதி சங்கிலியை இழுத்துக்கொண்டு மூலையில் நின்றது. அவரைக் கண்டதும் வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டது. அவர் அதன் எதிரே, பேன்ட் அழுக்காவதையும் பார்க்காமல், தரையில் குந்தினார். வா என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லிப் பிரயோஜனமில்லை என்று நினைவு வந்து, கையைத் தூக்கிக் கூப்பிட்டார்.

தூக்கிய கையைப் பார்த்ததும் மோதி நாலு காலையும் மடித்துத் தரையோடு தரையாகப் படுத்தது. அதன் கீழே சிமெண்டில் ஈரம் பரவியது.

அவர் கையை இறக்கினார். இறக்கி, இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"இதை எப்படிக் கூப்பிடணும், சிஸ்டர்?"

மாமியும் அவளைத்தான் பார்த்தாள். வாசற்படியில் வந்து நின்ற வத்சலாவும் அவளைத்தான் பார்த்தாள். முதலிலிருந்தே தெரிந்தவள் அவள் ஒருத்திதானே, அவளைக் கேட்காமல் யாரைக் கேட்பது.

"தெரியல மாமா," என்றாள் மார்கரெட். அது செவிடு என்று தெரிந்த நாளிலிருந்து, அவள் அதை ஒரு தடவைகூடக் கூப்பிட்டுப் பார்த்ததில்லை.